கேட்ட பிறகு தொடும் கை

(சபையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நான் ஒரு தாதி. ஆகவே நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று தொடங்குவேன் என நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவை பற்றி நீங்கள் நிறையக் கேட்டுவிட்டீர்கள். இன்று, நம்முடைய சபைகளில் பெரும்பாலும் யாரும் வாய் திறக்காத ஒரு நோயைப் பற்றியும், அந்த நோயைக் கண்டறிய எடுக்கும் சிறிதளவு இரத்தத்தைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அந்த நோய்க்கிருமியின் பெயர் எச்.ஐ.வி.

பிள்ளைகளே, நம் உடலுக்குள் நோயை எதிர்த்து நிற்கும் காவற்காரர்கள் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. அந்தக் காவற்காரர்களையே தாக்கும் ஒரு கிருமி. மருந்து எடுக்காமல் விட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் உடல் எந்த நோயையும் எதிர்க்க முடியாமல் போகும். அந்த நிலையைத்தான் எயிட்ஸ் என்கிறோம். பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1983இல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் அதற்கான இரத்தப் பரிசோதனை வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் நான் சொல்லப்போகும் முதற் கதை. அது நம் தமிழ் மண்ணில் நடந்தது.

1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். தன் ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று மாணவி கேட்டபோது, தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி ஆசிரியை சொன்னார். அது மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டுக்குள் வராது என்று நாடே நம்பியிருந்த காலம் அது.

வறுமையாலும் வஞ்சகத்தாலும் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட பெண்களைப் பொலிசார் பிடித்துவந்து மயிலாப்பூரில் உள்ள அரசுக் காப்பகத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். நிர்மலா அங்கே போனார். கையுறைகூட இல்லாமல், மூன்று மாதங்களில் 80க்கும் மேற்பட்ட பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வசதியான ஆய்வுகூடம் எதுவும் இல்லை. இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய, நம்மில் பலர் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளும் அதே வேலூர்தான். நிர்மலாவும் அவருடைய கணவரும் பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு, இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள்.

வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுகூடத்தில் சோதனை நடந்தது. நோய் இருந்தால் குழியில் உள்ள நீர் மஞ்சளாக மாறும். ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. நம்ப முடியாமல் மறுபடியும் செய்தார்கள். மீண்டும் ஆறு. அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். 1986 மே மாதம், சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று நாடு அறிந்தது அப்படித்தான். அந்த எச்சரிக்கை நேரத்தோடு கிடைத்ததால்தான் இரத்த வங்கிகளில் சோதனையும், விழிப்புணர்வு வேலைகளும் பின்னர் தொடங்கின. அந்த இரண்டு பெண்களின் துணிவால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம்.

இங்கேயே நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த 80 பெண்களிடமும், எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று யாராவது சொன்னார்களா?

சொல்லவில்லை. வழக்கமான பாலியல் நோய்ப் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தான் எயிட்சைத் தேடுவதாக அவர்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார். எழுத்தறிவில்லாத அவர்களுக்கு எயிட்ஸ் என்றால் என்னவென்று விளங்காது என்பது அப்போது அவருடைய எண்ணம். அந்த நாட்களில் பல நாடுகளில் வழக்கம் அப்படித்தான் இருந்தது. அவரைக் குற்றவாளி ஆக்க நான் இதைச் சொல்லவில்லை. நல்ல நோக்கம் உள்ளவர்கள்கூட இந்த இடத்தில் எவ்வளவு எளிதாக ஒரு படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

தாண்டிய படிக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். நோய் உண்டு என்று தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அவர்களுக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல்தான் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களிடம் எடுத்த இரத்தம் நாட்டுக்குப் பயன்பட்டது. அதே இரத்தம் அவர்களுக்குப் பூட்டாக மாறியது.

கோவாவில் இன்னொருவர். டொமினிக் டிசோசா என்ற கிறிஸ்தவ இளைஞர், அடிக்கடி இரத்ததானம் செய்பவர். தானமாகக் கொடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவரிடம் அமைதியாக உட்கார்ந்து பேச யாரும் வரவில்லை. 1989 பெப்ரவரியில் பொலிசார் வந்தார்கள். பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் தனியாக அடைத்து வைத்தார்கள். அவருடைய தாய் லூசி நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். மற்றவர் உயிர் வாழ வேண்டும் என்று தன் இரத்தத்தைக் கொடுத்த ஒரு மகனுக்கு நேர்ந்தது இது.

இதையெல்லாம் கண்ட டாக்டர் சுனிதி சாலமன் என்ன செய்தார்? 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். அங்கே ஊசிக்கு முன் பேச்சு நடந்தது. இது என்ன பரிசோதனை, முடிவு எப்படி வரலாம், வந்தால் என்ன செய்யலாம் என்று வந்தவரோடு உட்கார்ந்து பேசினார்கள். அவர் விரும்பிய பிறகே இரத்தம் எடுத்தார்கள். முடிவை அவரிடம் மட்டும் சொன்னார்கள். மற்ற வைத்தியர்கள் தொடத் தயங்கிய நோயாளிகளைத் தன் கையால் தொட்டுப் பார்த்தார். 2015இல் அவர் காலமானார். 2017இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அதே 2017இல் இந்தியா ஒரு சட்டமும் இயற்றியது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியிடக்கூடாது, நோயைக் காட்டி வேலையோ படிப்போ மறுக்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். மயிலாப்பூர்க் காப்பகத்திலிருந்து அந்தச் சட்டத்துக்கு வந்துசேர 31 ஆண்டுகள் எடுத்தன.

'நல்லதுக்குத்தானே செய்கிறார்கள், எதற்குக் கேட்க வேண்டும்?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நேர்மையான கேள்விதான். ஒன்றைக் கவனியுங்கள். கேட்காமல் எடுப்பது எப்போதும் யாரிடம் நடக்கிறது? 'இல்லை' என்று சொல்ல முடியாதவர்களிடம்தான். கைதி, ஏழை, படுக்கையில் கிடக்கும் நோயாளி, சிறு பிள்ளை. இராணுவ வீரனையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அமெரிக்கப் படைகள் 1985 ஒக்டோபரில் புதிதாகச் சேர வந்த எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கின. நோய் இருந்தால் படையில் இடமில்லை. மேலதிகாரி சொன்னால் கை நீட்ட வேண்டியதுதான். ஆனால் அதே இராணுவத்தின் ஆராய்ச்சியாளர்கள் தாய்லாந்து அரசோடு சேர்ந்து 2003இல் ஒரு தடுப்பூசி ஆய்வைத் தொடங்கியபோது அப்படிச் செய்யவில்லை. 16,000க்கும் மேற்பட்ட தாய்லாந்து மக்கள் விவரம் கேட்டறிந்து தாங்களாகவே முன்வந்தார்கள். விலகிப்போகும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. எச்.ஐ.வி.க்கு எதிராக ஒரு தடுப்பூசி ஓரளவாவது வேலை செய்யலாம் என்று உலகம் முதன்முதலாக அறிந்தது, 2009இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவிலிருந்துதான். கேட்டுச் செய்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்பது உண்மையில்லை.

இப்போது நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். நோர்வேயில் எல்லாம் சரியாகவே நடந்தது என்று நினைக்காதீர்கள். நோர்வேயும் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

பேர்கன் நகரத்து வைத்தியர் அர்மாவர் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். உலகமே போற்றும் கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் கிருமி ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. 1879இல், தன் வைத்தியசாலையில் இருந்த காரி நில்ஸ்தாத்தர் என்ற தொழுநோயாளிப் பெண்ணின் கண்ணில், இன்னொரு நோயாளியிடமிருந்து எடுத்த நோய்ப்பொருளைக் கூரிய கத்தியால் குத்திச் செலுத்தினார். அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு வலித்தது, பயந்தாள்.

காரி ஏழை. படுக்கையை விட்டால் போக இடம் இல்லாதவள். அவள் யாரிடம் முறையிட்டாள் தெரியுமா? வைத்தியசாலைப் போதகரிடம். அந்தப் போதகர், பெரிய வைத்தியரோடு நமக்கு ஏன் வம்பு என்று ஒதுங்கவில்லை. அவளுடைய முறைப்பாட்டை மேலே கொண்டுபோனார். வழக்கு நடந்தது. தான் அனுமதி கேட்கவில்லை என்பதை ஹான்சன் ஒப்புக்கொண்டார். 1880இல் நீதிமன்றம் அவரை அந்த வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. நாட்டின் தொழுநோய்த் துறைத் தலைமை வைத்தியராக அவர் தொடர்ந்து பணிசெய்தார். உலகப் புகழ் பெற்ற ஒரு வைத்தியருக்கு எதிராக ஒரு ஏழை நோயாளிப் பெண் சொன்ன வார்த்தையை, இந்த நாட்டு நீதிமன்றம் 140 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. அந்த வார்த்தை நீதிமன்றம் வரை போய்ச் சேர, ஒரு போதகர் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. சபையாகிய நமக்கு இது ஒரு பாடம்.

நம்முடைய ஒஸ்லோவுக்கும் எச்.ஐ.வி. வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1976இல் ஒரே ஆண்டுக்குள் ஒரு நோர்வேக் குடும்பத்தில் தந்தை, தாய், சிறு மகள் மூவரும் காரணம் தெரியாத நோயால் இறந்தார்கள். தந்தை இளவயதில் கப்பலில் வேலை செய்தவர். 1970களின் தொடக்கத்தில் அவர்களிடம் எடுத்த இரத்தம் உறைநிலையில் பத்திரமாக இருந்தது. பரிசோதனை வந்த பிறகு, ஒஸ்லோவின் பேராசிரியர் ஸ்டிக் ஃப்ரோலண்டும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்தார்கள். மூவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. 1988இல் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அதில் குடும்பத்தின் பெயர் இருக்கவில்லை. இறந்தவரிடம் சம்மதம் கேட்க முடியாது. ஆனால் அவருடைய பெயரைக் காக்க முடியும். பின்னாளில் வேறு சிலர் அந்தப் பெயரைத் தேடிப்பிடித்து வெளியிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டதால் ஒரு நோயாளிகூடக் குணமடையவில்லை. நானும் அதை இங்கே சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளே, பாடசாலையில் 'சம்த்திக்கெ' என்ற நோர்வேச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சுற்றுலா போக அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்களே, அதுதான். தமிழில் அதற்குச் சம்மதம் என்கிறோம். இரண்டு சொல்லும் 'சம்' என்றே தொடங்குகின்றன, கவனித்தீர்களா? சம்மதம் வடமொழியிலிருந்து நமக்கு வந்த சொல். அங்கேயும் நோர்வே மொழியிலும் 'சம்' என்றால் சேர்ந்து. 'மதம்' என்பது இங்கே எண்ணம். 'திக்கெ' என்பதும் எண்ணம். இரண்டு மொழியிலும் பொருள் ஒன்றே: சேர்ந்து எண்ணுதல். ஒருவர் மட்டும் எண்ணிவிட்டு மற்றவர் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்முடைய பெரியவர்கள் வைத்தியர் முன்னால் உட்கார்ந்தால், விளங்கினாலும் 'ஓம்', விளங்காவிட்டாலும் 'ஓம்' என்பார்கள். மரியாதைக்காகச் சொல்லும் ஓம் அது. அன்பான பெரியவர்களே, விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் வைத்தியசாலைதான் ஒழுங்கு செய்ய வேண்டும். அதற்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை, அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நோர்வேச் சட்டம் தடுக்கிறது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் மொழிபெயர்ப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவின் நோயை அம்மாவுக்கே சொல்லும் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் நாவில் ஏற்றலாமா? பிள்ளை பயந்து பாதியை விட்டுவிடும். அம்மாவும் பிள்ளைக்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்கமாட்டார்.

இன்னும் சில விஷயங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கர்ப்பிணித் தாய்மாருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் வழங்கப்படும். அது கட்டாயம் இல்லை. ஆனால் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் மருந்தால் குழந்தையைக் காப்பாற்ற முடியும். எச்.ஐ.வி. பரிசோதனையும் சிகிச்சையும் இந்த நாட்டில் இலவசம். எந்த மருத்துவ ஆராய்ச்சிக்கு அழைத்தாலும், யோசிக்க நேரம் கேட்கலாம், மறுக்கலாம், சேர்ந்த பிறகு காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சை குறையாது. பிள்ளைகளே, 7 வயதிலிருந்து உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும், 12 வயதிலிருந்து அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டும், 16 வயதில் உங்கள் சிகிச்சையைப் பற்றிப் பொதுவாக நீங்களே முடிவெடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பெற்றோரே, இது நம் பிள்ளைகளை நம்மிடமிருந்து பிரிக்கும் சட்டம் என்று பயப்பட வேண்டாம். பதினாறு வயதில் சரியாக முடிவெடுக்கும் பிள்ளை, ஆறு வயதிலிருந்தே கேட்டு வளர்க்கப்பட்ட பிள்ளையாக இருக்கும்.

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் வியாதியாய்க் கிடந்த மனுஷனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? ஆனாலும் முதலில் கேட்டார். எரிகோ வழியில் கூப்பிட்ட குருடனிடமும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டார் என்றால், அரைகுறையாக அறிந்த நாம் எத்தனை முறை கேட்க வேண்டும்! யாரும் தொடாத குஷ்டரோகியை அவர் தொட்டதும் நமக்குத் தெரியும். அவனும் தானாக வந்து கேட்டவன்தான். கேட்பதும் தொடுவதும் ஒரே அன்பின் இரண்டு கைகள்.

கடைசியாக, நமக்குள் ஒரு கேள்வி. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் இந்தச் சபையில் இருந்தால், அதை அவர் யாரிடமாவது சொல்லக்கூடிய இடமாக நாம் இருக்கிறோமா? திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணினால் எச்.ஐ.வி. தொற்றாது. கை குலுக்கினால், கட்டி அணைத்தால், ஒன்றாகச் சாப்பிட்டால் தொற்றாது. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமியைக் காண முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டவரிடமிருந்து அவருடைய வாழ்க்கைத் துணைக்குக்கூடத் தொற்றாது. அவர் முதுமை வரை வாழலாம், பேரப்பிள்ளைகளைக் காணலாம். கிருமியைக் கட்டுப்படுத்த மாத்திரை இருக்கிறது. 'அவருக்கு என்னவாம் தெரியுமோ?' என்று ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது தொடங்கும் கதையைக் கட்டுப்படுத்த மாத்திரை இல்லை. அதை நம் நாவுதான் செய்ய வேண்டும். தாதிக்கும் வைத்தியருக்கும் இரகசியம் காக்கும் கடமையைச் சட்டம் விதித்திருக்கிறது. சபைக்கு அதை அன்பு விதிக்கிறது. 'சகோதரிக்காக ஜெபியுங்கள்' என்று சொல்லும்போதுகூட, பெயரையும் நோயையும் சொல்லலாமா என்று அந்தச் சகோதரியிடம் முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சிறிய வேலை. இந்த வாரம் யாருக்காவது உதவி செய்யப் போனால், முதலில் 'உதவி செய்யட்டுமா?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். நண்பர் ஒருவர் உங்களை நம்பி ஒன்றைச் சொன்னால், அதை உங்களுக்குள் வைத்திருங்கள். ஆனால் அவருக்கு ஆபத்து என்று தெரிந்தால், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பேர்கன் போதகர் செய்தது அதுதான்.

மயிலாப்பூரில் இரத்தம் கொடுத்த அந்தப் பெண்களின் பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும். அவர்களிடம் கேட்காமல் எடுத்ததிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட நன்மையை இன்று நாம் அனுபவிக்கிறோம். கேட்கும் காதையும், தொடும் கையையும், காக்கும் நாவையும் தேவன் நம் சபைக்குத் தந்தருளுவாராக. இன்னும் பல ஆண்டுகள் இந்தச் சபை ஒருவருக்கொருவர் பயமின்றி உண்மை பேசக்கூடிய வீடாக விளங்குவதாக. ஆமென்.